ஆறாத காயத்தை இரத்தம் காட்டிக் கொடுக்குமா?

உடம்பில் என்ன வருத்தம் என்றாலும் "ஒருக்கா ரத்தம் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று சொல்வது எம்மிடையே வழக்கம். நீரிழிவு, கொழுப்பு, டெங்கு, இரத்தச்சோகை என்று பல நோய்களை இரத்தத்தில் கண்டுபிடிக்க முடிவதால் வந்த நம்பிக்கை இது. இதில் பிழை இல்லை. ஆனால் தோலில் வருகின்ற புற்றுநோய் விடயத்தில் இதே நம்பிக்கை ஒரு பெண் தன் காலை இழப்பதற்கும், சிலவேளை உயிரையே இழப்பதற்கும் காரணமாகிவிடலாம். எனவேதான் இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் திருகோணமலை மாவட்டத்தில் பல வருடங்கள் மருத்துவ ஆய்வுகூடத்தில் கடமையாற்றியவள். இரத்தம் எடுப்பதும் அதைச் சோதிப்பதும்தான் என் தொழில். ஓய்வு பெற்ற பிறகு மூதூர், கிண்ணியா, குச்சவெளி பக்கங்களில் மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போய்ப் பெண்களுடன் சுகாதாரம் பற்றிப் பேசி வருகிறேன். ஷெல் சிதறல் பட்டவர்கள், வீடு எரிந்தபோது தீக்காயப்பட்டவர்கள், சன்னம் துளைத்த தழும்போடு இருப்பவர்கள் எனப் பலரையும் அங்கே சந்திக்கிறேன். காயம் ஆறிவிட்டது, போரும் முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது உண்மைதான். சிலருக்கு மட்டும் அந்த வடு பல வருடங்களுக்குப் பிறகு மீண்டும் வாய் திறக்கிறது.

அறிக்கை பார்க்காத கால்

மூதூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர். 1990 ஆம் ஆண்டு வீடு தீப்பற்றியபோது முழங்காலுக்குப் பின்புறத்தில் தீக்காயம் பட்டது. அப்போது அவருக்கு 19 வயது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் தோல் ஒட்டும் சிகிச்சைக்கு வழி இருக்கவில்லை. காயம் தானாகவே ஆறி, தடித்த வடுவாக மாறியது. வயல் வேலைக் காலத்தில் அது வெடிக்கும், பிறகு மூடும். இப்படியே 30 வருடங்களுக்கு மேல் போனது.

பிறகு ஒரு முறை வெடித்த இடம் மூடவில்லை. நாலு மாதம் பார்த்துவிட்டுத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போய் "கான்சருக்குப் பார்க்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். மூன்று விதமான இரத்தப் பரிசோதனைகள் செய்து கொடுத்தார்கள். மூன்றும் சாதாரண அளவில் இருந்தன. அந்தக் காகிதத்தைப் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துவிட்டு, மூலிகைப் பத்துப் போட்டபடி மேலும் ஒரு வருடம் இருந்துவிட்டார்.

கூட்டத்தில் அவர் ஒதுங்கி மூலையில் இருந்ததைக் கண்டுதான் நான் பக்கத்தில் போனேன். காயத்தில் இருந்து மணம் வந்தது. காட்டச் சொன்னபோது, "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையே அக்கா" என்றார்.

"அந்த ரிப்போர்ட் உங்கட காலைப் பார்க்கவே இல்லை, தங்கச்சி" என்றேன்.

அவருக்குச் செய்யப்பட்டிருந்தவை சீ.ஈ.ஏ., சீ.ஏ.125, சீ.ஏ.19-9 என்ற மூன்று பரிசோதனைகள். முதலாவது குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரையும், இரண்டாவது சூலகப் புற்றுநோயாளரையும், மூன்றாவது கணையப் புற்றுநோயாளரையும் கண்காணிக்கப் பெரிதும் பயன்படுபவை. தோல் புற்றுநோய்க்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. அறிக்கை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு.

வடுவில் வரும் புற்றுநோய்

பழைய எரிகாய வடுவிலும், வருடக்கணக்கில் ஆறாமல் சீழ் வடியும் புண்ணிலும் வரும் இந்தப் புற்றுநோய்க்கு மார்ஜொலின் புண் என்று பெயர். பிரான்ஸ் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் நிக்கொலா மார்ஜொலின் 1828 இல் இத்தகைய புண்களைப் பற்றி எழுதினார். அவரின் பெயரே நிலைத்துவிட்டது. உலகப் போர்களில் எலும்பு வரை காயப்பட்டு, சீழ் நிற்காமல் வாழ்ந்த படையினர் பலருக்கும் பல பத்து வருடங்களின் பின் இந்த நோய் வந்தது.

எமது அயலிலும் உதாரணங்கள் உண்டு. காஷ்மீரில் குளிருக்காகத் தணல் நிரப்பிய காங்க்ரி என்ற சட்டியை உடையின் உள்ளே வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு திரும்பத் திரும்பப் பட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் வருவதை வைத்தியர் எல்ம்ஸ்லி 1866 இலேயே எழுதி வைத்தார். 2024 இல் இந்தியாவின் வார்தா, மதுபனி ஆகிய இடங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் வயதான இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சேலைக்குள் கட்டும் பாவாடை நாடா பல வருடங்களாக இறுக்கி, உராய்ந்து, இடுப்பில் புண்ணாகி, அது புற்றுநோயாக மாறியிருந்தது. ஒருவருக்கு அது அரையில் உள்ள நிணநீர்க் கணு வரை பரவியிருந்தது. சேலை கட்டுகிற நாமும் இடுப்பில் நாடா பதிந்து கறுத்த இடத்தைக் கவனிப்பது நல்லது. நாடாவைத் தளர்த்திக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இதைப் படித்துவிட்டு எவரும் பயப்பட வேண்டாம். 100 எரிகாய வடுக்களை எடுத்தால் ஒன்றில் அல்லது இரண்டில்தான் இப்படி நடக்கும் என்பது மருத்துவ நூல்கள் தரும் பொதுவான கணக்கு. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. காயம் பட்டதற்கும் புற்றுநோய் தொடங்குவதற்கும் இடையிலான காலம் சராசரியாக 30 வருடங்கள். 1985 இலும் 1990 இலும் காயப்பட்டவர்கள் இப்போது அந்தக் காலத்தை எட்டிவிட்டார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். 2006 இல் சம்பூர், மூதூர் பகுதிகளில் காயப்பட்டவர்களுக்கும், 2009 இல் வன்னியில் காயப்பட்டவர்களுக்கும் அந்தக் காலம் இனித்தான் வரும். போர் 2009 இல் முடிந்தது. வடுக்களைக் கவனிக்க வேண்டிய காலம் 2039 இலும் முடியாது.

இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

இரத்தத்தில் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடும் ஆராய்ச்சி இன்று வேகமாக நடக்கிறது. அந்த அடையாளத்தை உயிர்க்குறிகாட்டி என்பார்கள். புற்றுநோய் வெளிவிடும் ஒரு புரதமாக அது இருக்கலாம். புற்றுநோயை எதிர்த்து எமது உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியாக இருக்கலாம். இறந்த புற்றுநோய்க் கலங்களில் இருந்து இரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ. துணுக்காகவும் இருக்கலாம்.

இரத்தத்தில் டி.என்.ஏ. மிதக்கிறது என்பதை 1948 இல் பிரான்சைச் சேர்ந்த மண்டல், மெற்றே என்ற இருவர் கண்டறிந்தார்கள். நீண்ட காலம் அதை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. புற்றுநோயாளரின் இரத்தத்தில் புற்றுநோயின் டி.என்.ஏ. இருக்கிறது என்ற செய்தி 1996 இல் வெளிவந்தது. அதைப் படித்த டெனிஸ் லோ என்ற ஹொங்கொங் மருத்துவர், தாயின் வயிற்றில் வளரும் குழந்தையும் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று யோசித்தார். 1997 இல் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ.யைக் கண்டு காட்டினார். பிள்ளை பெற்ற எங்கள் ஒவ்வொருவரின் இரத்தத்திலும் ஒரு காலத்தில் எங்கள் பிள்ளையின் துணுக்குகள் ஓடியிருக்கின்றன. புற்றுநோயின் துணுக்குகளைத் தேடுவதும் இதே வழிதான்.

அரிதான தோல் புற்றுநோய்கள் சிலவற்றில் இந்த வழி நன்றாகப் பயன்படுகிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மேர்க்கல் கலப் புற்றுநோய். வயது போனவர்களுக்கும் வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கும் அதிகம் வருவது. 2008 இல் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரில் யுவான் சாங், பற்றிக் மூர் ஆகியோரின் குழுவினர் இந்தப் புற்றுநோய்க்குள் ஒரு புதிய வைரசைக் கண்டுபிடித்தார்கள். அந்த வைரசின் புரதத்துக்கு எதிராக நோயாளிகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் உடல் பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது. சிகிச்சை பலித்தால் அதன் அளவு இறங்கும். நோய் திரும்பினால் ஏறும். அமெரிக்காவில் சில மாதங்களுக்கு ஒரு முறை இதைப் பார்த்து நோயாளியைக் கண்காணிக்கிறார்கள். இந்தப் புற்றுநோயின் டி.என்.ஏ.யை இரத்தத்தில் தேடும் முறையை 300 க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து, நோய் திரும்புவதை அறிய அது உதவுகிறது என்று 2024 இல் எழுதினார்கள்.

இரண்டாவது, மெலனோமா. எம் போன்ற கறுத்தத் தோல் உள்ளவர்களுக்கு இது அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தின் கீழ்தான் வரும். வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜமெய்க்காப் பாடகர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின் கீழ் வந்தது இதுதான். 1977 இல் கண்டார்கள். 1981 இல் 36 வயதில் அவர் இறந்தார். மெலனோமா உடலில் பரவிய பிறகு எல்.டி.எச். என்ற நொதியத்தின் அளவை இரத்தத்தில் பார்ப்பார்கள். அது கூடியிருந்தால் நோய் கடுமையானது என்று கொள்வார்கள். ஐரோப்பாவின் சில நாடுகளில் எஸ்100பி என்ற புரதத்தையும் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, தோலில் வரும் ஒரு வகை லிம்போமா. எம் போன்றவர்களின் தோலில் இது வெளிறிய படைகளாக வரக்கூடும். தேமல் என்றும், சிலவேளை தொழுநோய் என்றும் நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இந்த நோயின் செசாரி என்ற கடும் வகையில் புற்றுநோய்க் கலங்களே இரத்தத்தில் ஓடும். அவற்றை எண்ணித்தான் நோயின் நிலையைத் தீர்மானிப்பார்கள். ஒரு கனமில்லிமீற்றர் இரத்தத்தில் அவை 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இரத்தத்தில் நன்றாகப் பரவிவிட்டது என்று பொருள்.

சதைத் துண்டுதான் முதலில்

மேலே சொன்னவற்றில் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பீர்கள். எல்லாம் நோய் இன்னதென்று தெரிந்த பிறகு செய்யப்படுபவை. நோய் இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கு இரத்தம் தனியே பதில் சொல்லவில்லை. செசாரி வகையில்கூடத் தோலையும் எடுத்துப் பார்ப்பார்கள். இன்னும் சொன்னால், டி.என்.ஏ. தேடும் மிகப் புதிய முறைகளில் முக்கியமான ஒன்றுக்கு, வெட்டியெடுத்த புற்றுநோய்த் துண்டு முதலில் வேண்டும். அந்தத் துண்டின் டி.என்.ஏ.யில் உள்ள மாற்றங்களை வாசித்து, பிறகுதான் அதே மாற்றங்களை இரத்தத்தில் தேடுவார்கள். எதைத் தேடுவது என்று தெரியாமல் தேட முடியாது.

எங்கள் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய கப்பல் வந்து நின்றால் கரையில் எண்ணெய் படியும், பொருட்கள் ஒதுங்கும். சின்னத் தோணி வந்து போனதற்குக் கரையில் தடயம் இருக்காது. புற்றுநோய் சிறிதாக இருக்கும்போது இரத்தத்தில் அது விடும் தடயமும் அப்படித்தான். எங்களுக்குத் தேவை, சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிப்பது.

எல்.டி.எச். போன்றவை வேறு காரணங்களாலும் கூடும். ஈரல் வருத்தம், தசைக் காயம், மாரடைப்பு எல்லாம் அதை ஏற்றும். இரத்தக் குழாய் குலுங்கினாலே ஏறும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அக்கரையில் எடுத்த இரத்தம் பாதையில் ஏறி, இறங்கி, வாகனத்தில் குலுங்கித்தான் இக்கரைக்கு வரும். செங்கலங்கள் உடைந்து சிவந்துபோன குழாயில் எல்.டி.எச். பார்த்தால் சுகமான ஆளுக்கும் கூடுதலாகவே காட்டும். மறுபடி இரத்தம் எடுத்து அனுப்பும்படி சொல்வதுதான் அப்போது எங்கள் வேலை.

வடுவில் வரும் மார்ஜொலின் புண்ணைக் கண்டுபிடிக்க இன்று வரை ஏற்றுக்கொள்ளப்பட்ட இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அதற்கு உள்ள வழி பயொப்சி. விறைப்பு ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் இருந்தும் வேறு இடங்களில் இருந்தும் சிறு சிறு துண்டுகளாகச் சதை எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். "கத்தி பட்டால் கான்சர் பரவும்" என்று பலர் பயப்படுகிறார்கள். பரவுவது கத்தியால் அல்ல, காத்திருப்பதால்.

அதற்காக இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. புண் ஆறாமல் இருப்பதற்கு நீரிழிவும் இரத்தச்சோகையும் பெரிய காரணங்கள். அவற்றை இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். வைத்தியர் எழுதித் தருவதைச் செய்யுங்கள். பணம் கட்டி நாமாகச் செய்விக்கும் "கான்சர் ரெஸ்ட்" வேண்டாம்.

சிகிச்சைக்குப் பிறகு

நான் சொன்ன சகோதரிக்குப் பயொப்சியில் புற்றுநோய் உறுதியானது. புண்ணையும் அதைச் சுற்றி நல்ல தோலில் சில சென்ரிமீற்றர் அகலத்தையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, மற்றத் தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் தப்பியது. எலும்பு வரை போயிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று வைத்தியர் அவரிடம் சொன்னார்.

"இனி மாதா மாதம் ரத்தம் பார்க்கட்டா அக்கா?" என்று பிறகு என்னிடம் கேட்டார். தேவையில்லை. இந்தப் புற்றுநோய் திரும்பினால் முதலில் தெரிவது ஒட்டிய தோலின் ஓரத்தில் அல்லது அரையில் உள்ள கணுக்களில். கண்ணும் கையும்தான் அங்கே கருவி. குளித்த பிறகு வெளிச்சத்தில் வடுவைப் பார்ப்பதற்கும், அரையில் விரல்களால் மெல்லத் தடவிக் கட்டி ஏதும் உண்டா என்று பார்ப்பதற்கும் அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். கிளினிக் கொப்பியில் எழுதிய திகதிகளைத் தவறவிடாமல் போகிறார். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் சில வருடங்களுக்குள் திரும்பும் என்பதால் அந்தத் திகதிகள் முக்கியம்.

ஏன் போவதில்லை?

எமது பெண்கள் ஏன் காயத்தை மறைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தொடையிலும் மார்பிலும் பிட்டத்திலும் உள்ள வடுவை இன்னொருவருக்குக் காட்ட வெட்கம். குடும்பத்தைத் தனியே சுமப்பவருக்கு ஒருநாள் கிளினிக் என்றால் ஒருநாள் கூலி இல்லை. கருவாடு காயப்போடும் பெண்ணோ வயலுக்குப் போகும் பெண்ணோ வடு வெடிப்பதை வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார். இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொரு பயமும் உண்டு. "இந்தக் காயம் எங்கே பட்டது, எப்படிப் பட்டது?" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க வைத்தியருக்கு அவசியமானவை இரண்டு தகவல்கள்தான். எத்தனை வருடத்துக்கு முந்திய வடு, எப்போதிருந்து புண் மூடவில்லை. எரிகாயமா, வெட்டுக்காயமா என்று சொன்னால் போதும். உங்கள் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. பெண் வைத்தியரோ தாதியோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு சகோதரியைத் துணைக்கு அழைத்துப் போகலாம்.

என்ன செய்யலாம்?

பழைய வடு உள்ள ஒவ்வொருவரும் மாதத்தில் ஒருநாள் அதைப் பாருங்கள். முதுகுப் பக்கம் என்றால் மகளையோ அயலவரையோ பார்க்கச் சொல்லுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்:

1. வடுவில் வந்த புண் சில கிழமைகளாகியும் மூடாமல் இருத்தல்.
2. புண்ணின் ஓரம் தடித்து மேலெழும்புதல், அல்லது பூக்கோவா போல வளர்தல்.
3. இலேசாகப் பட்டாலும் இரத்தம் கசிதல், முன்பு இல்லாத மணம், புதிதாக வரும் வலி.
4. அரையில் அல்லது கமக்கட்டில் கட்டி.
5. உள்ளங்காலில், உள்ளங்கையில் வளரும் கறுப்புப் புள்ளி. ஒரு நகத்தில் மட்டும் அகலமாகி வரும் கறுப்புக் கோடு.
6. மருந்து பூசியும் மாறாத, கூடிக்கொண்டு போகும் வெளிறிய படை.

வடு வெடிக்காமல் இருக்கத் தினமும் தேங்காயெண்ணெயோ வசிலினோ பூசுங்கள். உராயும் உடுப்பைத் தவிருங்கள். வயலிலும் கரையிலும் வேலை செய்யும்போது சுத்தமான துணியால் மூடிக் கட்டுங்கள். மூட்டின் மடிப்பில் அடிக்கடி வெடிக்கும் வடுவுக்குத் தோல் ஒட்டும் சிகிச்சை இப்போதும் செய்யலாமா என்று கேளுங்கள்.

எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். உங்கள் ஊருக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாம். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகும்போது வடுவையும் காட்டலாம். அங்கிருந்து திருகோணமலை பொது வைத்தியசாலைக்குத் துண்டு தருவார்கள். புற்றுநோய் என்று உறுதியானால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் சிகிச்சை உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

சங்கத் தலைவிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் சீட்டுக்காசு சேர்க்கும்போது, பழைய காயம் உள்ளவர்கள் யார், அவர்களில் புண் மூடாதவர்கள் யார் என்று தனித்தனியே மெல்லக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் இருந்தாலும் அவரோடு இன்னொருவரைச் சேர்த்து அந்தக் கிழமையே கிளினிக்குக்கு அனுப்புங்கள். அவர் கையில் "ரத்தத்தில் ஒன்றும் இல்லை" என்ற அறிக்கை இருந்தாலும் அனுப்புங்கள்.